ஐயா, என் பிள்ளையின் கால் என் பாவத்தின் கூலியா?

கேள்வி:

ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு வயது 56, அயனாவரத்தில் இருக்கிறோம். அப்பா 2003ல் தவறியபோது உயில் எதுவும் எழுதி வைக்கவில்லை. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். அண்ணன், நான், தங்கை என்று மூன்று பேர். தங்கை அப்போதுதான் கல்யாணமாகி திருவள்ளூர் போயிருந்தாள். "இப்போதைக்குக் கையெழுத்துப் போடு, வீடு கட்டி முடித்ததும் உன் பங்கைத் தருகிறோம்" என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். கையில் ஒரு லட்சம் கொடுத்தோம். பிறகு அந்த மனையில் பில்டர் கட்டியதில் அண்ணனுக்கு ஒரு வீடு, எனக்கு ஒரு வீடு. அவள் கேட்கவில்லை, நாங்களும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது, தையல் தைத்துப் பிழைக்கிறாள். போன ஐப்பசி மழையில் என் மகன் இரவு வேலை முடிந்து வரும்போது பைக்கோடு பள்ளத்தில் விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். வேலையும் போய்விட்டது. வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஊழியர் ஒருவர், "குடும்பத்தில் மறைந்திருக்கிற பாவத்தை ஆண்டவர் நியாயந்தீர்க்கிறார், தாவீதின் பிள்ளையையே எடுத்தவர் அல்லவா" என்று சொல்லி 21 நாள் உபவாசமும், பாவநிவாரணக் காணிக்கையும் வைக்கச் சொன்னார். நான் ராத்திரிதோறும் 51ஆம் சங்கீதம் வாசிக்கிறேன். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்ற இடத்துக்கு வந்ததும் மேலே போக முடியவில்லை. நான் என் தங்கைக்கு அல்லவா செய்தேன்? இயேசுவின் இரத்தம் எல்லாப் பாவத்தையும் நீக்கும் என்றால் இந்தத் தண்டனை ஏன்? நான் என்ன பரிகாரம் செய்ய வேண்டும்? எட்டு மாதமாகத் திருவிருந்தும் எடுக்கவில்லை.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தக் காணிக்கையைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் போனது போகட்டும், இனி வேண்டாம். உபவாசம் உங்கள் இஷ்டம், ஆனால் சர்க்கரை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இருக்காதீர்கள். இதை ஏன் இவ்வளவு அவசரமாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: தங்கைக்கு நீங்கள் செய்தது ஒன்று, மகனுக்கு நேர்ந்தது இன்னொன்று. அந்த ஊழியர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்குத் தெரிந்த வரையில் சங்கீதப் புத்தகம் அந்த முடிச்சைப் போடவில்லை, அதனால் அதை அவிழ்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

தாவீது ராஜா தன் போர்வீரன் உரியாவின் மனைவியிடம் பெற்ற பிள்ளை இறந்தது வேதத்தில் இருக்கிறது, 2 சாமுவேல் 12ல். அதை நான் மழுப்பப் போவதில்லை. பழைய ஏற்பாடு பல வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஒவ்வொரு வருடமும் அந்த அதிகாரம் வரும்போது வகுப்பில் யாராவது ஒருவர் கையைத் தூக்குவார், நானும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திணறித்தான் பதில் சொல்வேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தாவீதுக்கு அந்தச் செய்தி நாத்தான் என்கிற தீர்க்கதரிசி மூலமாக வந்தது. பிள்ளை நோயில் விழுவதற்கு முன்பே, பாவத்தின் பெயரைச் சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்டது. பிள்ளையின் நோயைப் பார்த்துவிட்டு அதிலிருந்து பின்னோக்கிப் போய் யாரும் பாவத்தைக் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் வீட்டில் நடந்தது தலைகீழ்: முதலில் கால் முறிந்தது, பிறகு ஒருவர் வந்து காரணம் தேடினார். தேடினால் யார் வீட்டில்தான் கிடைக்காது? பக்கத்து வீட்டில் போய்த் தேடியிருந்தால் அங்கேயும் ஏதாவது கிடைத்திருக்கும்.

இந்தப் பின்னோக்கிப் படிக்கிற வேலையை இயேசு இரண்டு இடத்தில் தடுத்திருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்களே, அவர்கள் எருசலேமில் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே சொல்கிறார் (லூக்கா 13). பிறவிக்குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் இல்லை அவன் பெற்றோரும் இல்லை என்கிறார் (யோவான் 9). எசேக்கியேல் 18 இன்னும் வெளிப்படை: தகப்பனுடைய அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை. தோண்டிவிட்டு மூடாத ஒரு பள்ளம், மழைத் தண்ணீர், தெருவிளக்கு இல்லாத ராத்திரி. இதில் பரலோகத்தின் கையெழுத்தைத் தேடுவதற்கு முன்னால் பூமியில் கணக்குக் கேட்க வேண்டிய ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்களுக்கும் நினைவிருக்கும். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் கடல் ஏறி வந்த அந்த வாரத்தில் நான் அங்கே ஒரு தாயோடு உட்கார்ந்திருந்தேன். அடுத்த ஞாயிறு ஒரு பிரசங்கத்தில் அது ஆண்டவரின் கோபம் என்று சொல்லப்பட்டதாம், அந்த அம்மா என்னிடம், "ஐயரே, கோபம் என்றால் குழந்தை மேல் ஏன்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. பையில் இருந்த வேதாகமத்தில் 44ஆம் சங்கீதத்தை எடுத்து வாசித்தேன்: இவையெல்லாம் எங்கள்மேல் வந்திருந்தும் உம்மை நாங்கள் மறக்கவும் இல்லை, உம்முடைய உடன்படிக்கைக்குத் துரோகம் பண்ணவும் இல்லை. அப்புறம் 88. அது ஒரு நம்பிக்கை வார்த்தைகூட இல்லாமல், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடிகிற சங்கீதம். இப்படிப்பட்ட பாட்டுகளை வேதத்தில் வைத்திருக்கிற ஒரு தேவனுக்கு, துன்பமெல்லாம் தண்டனை என்ற எண்ணம் இருந்திருக்க முடியாது என்பது என் தீர்மானம். மகனுடைய கால் கூலியா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: அப்படிச் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை.

சரி, ஒரு முடிச்சு அவிழ்ந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது தங்கை.

51ஆம் சங்கீதம், தாவீது அந்தப் பாவத்துக்குப் பிறகு பாடியது என்று தலைப்பிலேயே இருக்கிறது. நீங்கள் நின்றுவிடுகிற அந்த நான்காம் வசனத்தில் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் நின்றிருக்கிறார்கள், நீங்கள் தனியாள் இல்லை. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொன்றுவிட்டு, "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக" என்று ஒருவன் பாடினால் செத்தவன் எங்கே போனான் என்று கேட்கத்தான் தோன்றும். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் அப்படியே 14ஆம் வசனம் வரைக்கும் வாருங்கள்: "இரத்தப்பழிகளுக்கு என்னை நீங்கலாக்கிவிடும்." யாருடைய இரத்தம்? தாவீது பெயர் சொல்லவில்லை, ஆனால் உரியா அந்தச் சங்கீதத்துக்குள்தான் படுத்துக் கிடக்கிறான். நான்காம் வசனத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். தாவீது ராஜா. அவனுக்கு மேலே ஒரு கோர்ட் கிடையாது, அவனை நிறுத்திக் கேள்வி கேட்க ஊரில் யாரும் இல்லை. எல்லா மனிதரிடமிருந்தும் தப்பித்துவிட்ட ஒருவன், தப்பிக்க முடியாத ஒரே ஒருவர் முன்னால் வந்து நின்று, நீர் நியாயந்தீர்த்தால் அது சரிதான் என்று ஒப்புக்கொள்கிறான். தான் அடுத்தவனுக்குச் செய்த தீங்கை அங்கே சின்னதாக்கவில்லை, அந்தத் தீங்கு எந்த உயரம் வரைக்கும் போய் எட்டுகிறது என்று காட்டுகிறான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. உரியா செத்துவிட்டான். தாவீது அவன் வீட்டுக் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்க முடியாது. உங்கள் தங்கை உயிரோடு திருவள்ளூரில் இருக்கிறார்.

பரிகாரம் என்று கேட்டீர்களே, அந்த வார்த்தையிலேயே கொஞ்சம் உட்கார வேண்டியிருக்கிறது. நம் ஊரில் பரிகாரம் என்றால் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்: ஏதோ ஒரு தோஷம், அதற்கு இவ்வளவு செலவு, இத்தனை சுற்று, முடித்தால் கணக்குத் தீர்ந்தது. சபைக்குப் போகிற நாமும் அதே ஊரில்தான் வளர்ந்தோம், ஆகவே வார்த்தையை மட்டும் மாற்றி காணிக்கை, உபவாசம் என்று வைத்துக்கொண்டு உள்ளே அதே கணக்கைத்தான் போடுகிறோம். எபிரெயுவில் பாவநிவிர்த்தி செய்வதற்கு 'கிப்பெர்' என்று ஒரு வினைச்சொல். லேவியராகமத்தில் பெரும்பாலும் ஆசாரியன்தான் அதைச் செய்கிறவன், பலியோடு, இரத்தத்தோடு. சங்கீதப் புத்தகத்தில் 150 பாட்டிலும் சேர்த்து அந்த வினை மூன்றே இடத்தில்தான் வருகிறது: 65ஆம் சங்கீதம் 3ஆம் வசனம், 78ல் 38ஆம் வசனம், 79ல் 9ஆம் வசனம். மூன்று இடத்திலும் அதைச் செய்கிறவர் யார் என்று பாருங்கள். "தேவரீரோ எங்கள் மீறுதல்களை நிவிர்த்தியாக்குகிறீர்." ஆசாரியன் காணோம், ஆடு காணோம். தேவன்தான் எழுவாய். யாருக்கு விரோதமாகக் குற்றம் நடந்ததோ அவரே நிவிர்த்தியும் செய்கிறார். இதை முதன்முதலில் கவனித்த நாளில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போய் சும்மா நின்றுகொண்டிருந்தேன். இத்தனை வருடம் வகுப்பெடுத்தும் இது கண்ணில் படவில்லையே என்று இருந்தது.

அதே வேரிலிருந்து வருகிற இன்னொரு சொல் 'கோஃபெர்', மீட்கும்பொருள். ஒரு உயிரை விடுவிக்கக் கொடுக்கிற தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 49ஆம் சங்கீதம் அதைப் பற்றித்தான் பேசுகிறது, அதுவும் பணக்காரர்களைப் பார்த்து: ஒருவனாவது தன் சகோதரனுக்காக அந்தப் பொருளைத் தேவனுக்குக் கொடுத்துத் தீர்க்க முடியாது, விலை அவ்வளவு அருமை என்கிறது. எண்ணாகமம் 35ல், கொலை செய்தவனிடம் மீட்கும்பொருள் வாங்கவே கூடாது என்று சட்டமே இருக்கிறது. தாவீது 51ல் "பலியை நீர் விரும்புகிறதில்லை, விரும்பினால் செலுத்துவேன்" என்று சொல்வதை நாம் ஏதோ அழகான தத்துவம் என்று வாசித்துவிட்டுப் போகிறோம். அவன் நிலைமையை யோசியுங்கள்: தெரிந்தே, திட்டம் போட்டுச் செய்த கொலைக்கு மோசேயின் சட்டத்தில் பலியே கிடையாது. கொடுக்க அவனிடம் ஆயிரம் மாடு இருக்கிறது, வாங்க ஆளில்லை. கை வெறுங்கை. நொறுங்குண்ட இருதயம்தான் மிச்சம். அடுத்த பக்கம் திருப்பாமலே, முந்தின 50ஆம் சங்கீதத்தில் ஆண்டவர் கேட்கிற கேள்வியையும் பாருங்கள், எனக்குப் பசித்தால் உன்னிடமா சொல்வேன், எருதின் மாம்சத்தையா தின்பேன் என்று. நிவாரணக் காணிக்கை கேட்டு வருகிறவர்களிடம் அந்த ஒரு சங்கீதத்தை நீட்டி வாசிக்கச் சொல்லலாம் (நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன், நட்பு முறிந்தது, பரவாயில்லை).

49ஆம் சங்கீதம் முடியாது என்பதோடு நிற்கவில்லை. 15ஆம் வசனத்தில், மனுஷனால் முடியாத அந்த மீட்பைத் தேவன் செய்வார், "என்னை ஏற்றுக்கொள்வார்" என்கிறது. நாம் கிறிஸ்தவர்கள் சிலுவையை வாசிப்பது இந்தக் கோட்டிலிருந்துதான். கோபக்காரத் தகப்பன் ஒருவர் அடிக்கக் கையை ஓங்க, நல்ல மகன் குறுக்கே வந்து அடி வாங்கிக்கொண்டார் என்று சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் படம் போட்டுக் காட்டினார்களே, அந்தப் படம் உங்கள் மனதில் இன்னும் இருந்தால் அதைக் கிழித்துவிடுங்கள். பவுல், "தேவன் கிறிஸ்துவுக்குள்" உலகத்தைத் தமக்கு ஒப்புரவாக்கினார் என்கிறார். ரோமர் 3:25ல் நம் வேதாகமம் 'கிருபாதாரபலி' என்று போட்டிருக்கும் கிரேக்கச் சொல், பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் உடன்படிக்கைப் பெட்டியின் மேல் மூடியான கிருபாசனத்துக்கு வழங்கின சொல்தான். நிவிர்த்தியாக்குகிறீர் என்று 65ஆம் சங்கீதம் யாரைப் பார்த்துப் பாடியதோ அவரே வந்து விலையைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்பதுதான் பெரிய வெள்ளி. மும்மணி ஆராதனையில் ஏப்ரல் வெக்கையில் மின்விசிறிக்குக் கீழே இடம் தேடி உட்கார்ந்து, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைக் கேட்கிறோம் அல்லவா, அதில் இரண்டு நேராகச் சங்கீதம்: "ஏன் என்னைக் கைவிட்டீர்" 22ஆம் சங்கீதம், "உமது கையில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" 31ஆம் சங்கீதம். நியாயந்தீர்க்கிறவர், தீர்ப்புக்கு உட்பட்டவர்களின் பாட்டை அவர்கள் பக்கத்தில் நின்று பாடுகிறார். இது எப்படி நடக்கிறது, எந்தக் கோட்பாடு சரி என்று இறையியல் படித்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள், அதற்குள் உங்களை இழுக்க மாட்டேன்.

ஆக, ஆண்டவருக்குக் கட்ட வேண்டிய பரிகாரம் எதுவும் உங்கள் பெயரில் பாக்கி இல்லை. மகனுடைய எலும்பை அவர் தவணையாக வாங்கவும் இல்லை.

இங்கே கடிதத்தை முடித்தால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். தங்கைக்கு இருக்காது.

நியாயத்தீர்ப்பு என்றாலே நமக்கு அக்கினியும் கந்தகமும் ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்குகிறது. 96ஆம் சங்கீதத்தை எடுங்கள். அவர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்றதும் காட்டு மரங்கள் கெம்பீரிக்கின்றன, 98ல் ஆறுகள் கைகொட்டுகின்றன. தீர்ப்பு நாளுக்கு யார் கைதட்டுவார்கள்? பாரிமுனையில் உயர் நீதிமன்றத்தின் அந்தச் சிவப்புக் கட்டடத் தாழ்வாரங்களில் வருஷக்கணக்காகத் துணிப்பையில் பத்திரத்தைச் சுருட்டி வைத்துக்கொண்டு வாய்தாவுக்கு வாய்தா வந்து நிற்கிறார்களே, அவர்கள் தட்டுவார்கள். இன்றைக்காவது நீதிபதி வந்து உட்கார்ந்து கேட்பாரா என்பதுதான் அவர்கள் ஜெபம். சங்கீதத்தில் "என்னை நியாயம் விசாரியும்" என்று கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த வரிசையில் நிற்கிற ஆட்கள்தான்: ஏமாற்றப்பட்டவர்கள், விதவைகள், திக்கற்ற பிள்ளைகள். உங்கள் தங்கையும் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறவர்தானே? திருவள்ளூரில் 96ஆம் சங்கீதத்தை அவர் பாடும்போது, கர்த்தர் வந்து சரிசெய்ய வேண்டிய காரியமாக அவர் மனதில் எது ஓடும் என்று நினைக்கிறீர்கள்?

கடுமையாகப் பேசுகிறேன் என்று தோன்றலாம். உங்கள் கடிதத்தில் "அவள் கேட்கவில்லை, நாங்களும் பேசவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது, நான் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். 20 வருடத்துக்கு மேல் ஒருவர் கேட்காமல் இருப்பது என்றால் அது மறதி இல்லை அம்மா.

இந்த இடத்துக்கு 51ஐவிட 32ஆம் சங்கீதம் பொருந்தும். "நான் அடக்கிவைத்தமட்டும்" எலும்புகள் உலர்ந்துபோயின, சாரம் உஷ்ணகால வறட்சிபோல வறண்டுபோயிற்று என்கிறான் தாவீது. 2019 கோடையில் செம்பரம்பாக்கத்தில் வெடித்துக் கிடந்த ஏரித்தரையைப் பார்த்தவர்களுக்கு அந்த வசனத்துக்கு விளக்கம் வேண்டியதில்லை. ராத்திரி தூங்காமல் வேதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அதுதான் அது. அந்தப் பாட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது, தமிழில் தெரியாது. முதல் வசனத்தில் எவன் பாவம் 'மூடப்பட்டதோ' அவன் பாக்கியவான் என்கிறது, ஐந்தாம் வசனத்தில் என் அக்கிரமத்தை 'மறைக்காமல்' அறிவித்தேன் என்கிறது. எபிரெயுவில் இரண்டும் ஒரே வினைச்சொல். நான் மூடி வைத்திருந்தவரை அது என்னைத் தின்றது, நான் மூடாமல் திறந்து வைத்ததும் அவர் அதை மூடினார். வேப்பேரியில் உட்கார்ந்து 18ஆம் நூற்றாண்டில் வேதாகமத்தைத் தமிழாக்கிய பப்ரிசியுஸ் ஐயரும், அவருக்குப் பின்னால் வந்து திருத்தியவர்களும் எத்தனையோ எபிரெயுச் சொற்களுக்குத் தமிழில் அருமையான சொல் கண்டுபிடித்தார்கள், இந்த இடத்தில் ஒரே சொல்லைப் போட்டிருக்கலாமே என்று எனக்கு எப்போதும் ஒரு சின்ன ஆதங்கம்.

இப்போது நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். லேவியராகமம் 6ல், அடுத்தவன் பொருளை வஞ்சித்து எடுத்தவன் பலி கொண்டுவருகிற நாளிலேயே, முதலையும் அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி உரியவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. பலிபீடத்துக்குப் போகிற வழி பாதிக்கப்பட்டவன் வீட்டு வாசல் வழியாகப் போகிறது. வரி வசூலிக்கிற சகேயுவும் ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று இயேசுவின் முன்னால்தான் சொன்னான், சொல்லச் சொல்லி அவர் கட்டாயப்படுத்தியதாக எழுதியில்லை. மன்னிப்பு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததும் அவனுக்குப் பணப்பையை மூடி வைத்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். 15ஆம் சங்கீதம், கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவன் யார் என்று கேட்டு, "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்று ஒரு அடையாளம் சொல்கிறது. நீங்களும் அண்ணனும் தங்கைக்குக் கொடுத்த வாக்கு இந்த வசனத்துக்குள் வருகிறது.

சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான், உயில் இல்லாவிட்டால் மகன் மகள் என்ற வித்தியாசம் அதில் இல்லை. அம்மா முன்பே தவறிவிட்டதால் அப்பாவின் சொத்தில் மூன்றில் ஒன்று தங்கையுடையது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டதால் இன்றைக்குச் சட்டப்படி உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாமல் இருக்கலாம், தாவீதையும் யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. என்ன பத்திரம் எழுதுவது, எவ்வளவு முத்திரைத்தாள் என்பதை ஒரு நல்ல வக்கீலிடம் கேளுங்கள், அது என் வேலை இல்லை. 2003ல் மனை என்ன விலை போனது என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். இன்றைய விலை. கொடுத்த ஒரு லட்சத்தைக் கழித்துக்கொள்ளலாமா என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றினால், அந்த ஐந்தில் ஒரு பங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை, மகன் இப்படி இருக்கையில் ஒரேயடியாகக் கொடுக்க முடியாது என்பதும் புரிகிறது. தவணையாக என்றாலும் எழுத்தில் கொடுங்கள், ஏனென்றால் வாய்ச்சொல்லைத்தான் அவர் ஏற்கெனவே ஒருமுறை நம்பிவிட்டார். அண்ணனிடம் பேசுங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர் பாதி அவர் பாடு, உங்கள் பாதிக்கு அவர் சம்மதம் தேவையில்லை. கணவரிடம் மறைத்துச் செய்யாதீர்கள், அது புதிதாக இன்னொரு மூடல்.

போகும்போது நேரில் போங்கள். போனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் பெரிய மன்னிப்புச் செய்தி வேண்டவே வேண்டாம். மகனுடைய விபத்தை முதலில் எடுக்காதீர்கள். எடுத்தால், பயத்தில் வந்திருக்கிறாள் என்று அவருக்குப் படும், அது கொஞ்சம் உண்மையும்கூட. "உன்னை ஏமாற்றினோம், உன் பங்கு இவ்வளவு, கொண்டுவந்திருக்கிறேன்" என்று சொன்னால் போதும். ஜெபம் பண்ணலாமா என்று கேட்காதீர்கள், அழுது அவரை உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைக்காதீர்கள், மன்னித்துவிட்டேன் என்று சொல் என்று நெருக்காதீர்கள். கத்தினால் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கும் கத்துவதற்கு, தீங்கு செய்தவர்களைச் சபிக்கிற 109ஆம் சங்கீதம் இருக்கிறது, வேதமே அனுமதித்த கத்தல்.

ஒன்றே ஒன்று: இதைச் செய்தால் பிள்ளை கால் சீக்கிரம் ஊன்றும் என்று மனதுக்குள் ஒரு பேரம் ஓடும். ஓடட்டும், அதை நம்பாதீர்கள். கால் ஊன்றுவதற்கு பிசியோதெரபி இருக்கிறது, ஆர்த்தோ டாக்டர் சொன்ன தேதிக்கு ஒழுங்காகக் கூட்டிப்போங்கள்.

திருவிருந்துக்கு வருவோம். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்கிறார் இயேசு (மத்தேயு 5), நீங்கள் எட்டு மாதமாகப் பீடத்தண்டையிலேயே நின்றுகொண்டிருக்கிறீர்கள், அங்கேயிருந்து கிளம்பவே இல்லை. தங்கையைப் பார்த்துவிட்டு வந்த அடுத்த ஞாயிறு போய் எடுங்கள். அவர் மன்னித்தாரா இல்லையா என்பது அதற்கு நிபந்தனை கிடையாது, அது அவர் கையில் இருக்கிறது. உங்கள் சபை ஆயரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்கே மனது லேசாக இருக்கும்.

பெரம்பூரிலிருந்தோ வில்லிவாக்கத்திலிருந்தோ திருவள்ளூருக்கு மின்சார ரயில் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் போங்கள், தையல் வேலை கையில் இருக்கும், உட்காரச் சொல்லாவிட்டாலும் நின்று பேசலாம். ரயிலில் படிக்க வேண்டும் என்றால் 32ஐயும் 103ஐயும் படியுங்கள். 103ல் நம் பாவங்களை மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள தூரத்துக்கு விலக்கினார் என்று வருகிற இடத்தில், லேவியராகமத்தில் பாவத்தைச் சுமந்துகொண்டு வனாந்தரத்துக்குப் போன போக்காடு எனக்கு எப்போதும் ஞாபகம் வரும், உங்களுக்கு வருகிறதா பாருங்கள்.

போய்வந்த பிறகு எழுதுங்கள். கதவைத் திறக்காமல் அனுப்பிவிட்டாலும் எழுதுங்கள்.